கம்பியின் அந்த நுனி

காலையில் ஆன்டெனாக் கம்பியில் ஒரு சாண் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் திரும்பி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்கு ஓடி மீட்டரைச் சொருகினால், கம்பி ஒரு விரல்கூடக் குறையவில்லை என்றது மீட்டர்.

"இரு, இரு," என்றான் மீட்டரிடம். எதற்கும் அவன் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். பிளக்கைப் பிடுங்கி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி சொருகினான். எண் அசைந்து கொடுக்கவில்லை. மீட்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. இரவல் மீட்டர். அடிக்கவும் முடியாது.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஃப்ரேமுக்குள் உட்காரும்வரை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து, ஒரு தேய்ப்பு கூடிப்போனாலும் லென்ஸ் பாழ் என்று தெரிந்து வைத்திருக்கிற கை. ஆன்டெனாக் கம்பியும் அந்த ஜாதிதான். முதலில் தாராளமாக நீளம் விட்டுக் கட்டிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். கம்பி நீளமாக இருந்தால் மீட்டரில் எண் குறைவாகக் காட்டும். வெட்ட வெட்ட எண் ஏறும். பேச வேண்டிய அலைவரிசையான ஏழில் வந்து நின்றால் முடிந்தது வேலை. ஒரு பிற்பகலில் முடிய வேண்டிய வேலை ஒரு வாரமாக ஆறரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வெட்டினால் கொஞ்சம் ஏறும். கீழே போய் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் பழைய இடத்துக்கே இறங்கிவிடும்.

ஜன்னல் கிராதி வழியாகக் கொல்லையைப் பார்த்தான். கம்பி அந்த ஜன்னலிலிருந்து புறப்பட்டு, கொல்லைக்கு மேலே சரிவாக இறங்கி, கடைசியில் இருக்கும் காய்க்காத மரத்தை நோக்கிப் போகிறது. கம்பியின் நுனியில் பழைய டூத் பிரஷ்ஷின் பிடியை ஒடித்துக் கட்டியிருந்தான். அதிலிருந்து ஒரு நைலான் கயிறு மரத்துக்கு. கம்பி குறையக் குறையக் கயிற்றை நீட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அங்கே, கம்பியின் தாழ்ந்த பக்கத்தில், ஈரத் துண்டு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா!"

ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் படியேறி வந்து கதவோரம் நின்றாள்.

"அது துணி காயப்போடற கொடியா?"

"கொடி மாதிரிதானே இருக்கு."

நியாயம்தான். அதுவே எரிச்சலை இன்னும் கிளப்பியது. இறங்கிப் போய்த் துண்டை உருவிப் போட்டுவிட்டு, விஷயம் புரிந்துவிட்டது என்ற நிம்மதியில் சீட்டியடித்துக்கொண்டு மேலே வந்து பார்த்தான். ஆறரை. துண்டு மேல் ஒரு தப்பும் இல்லை.

அதற்குள் மணியாகிவிட்டது. ரேடியோ செட்டைப் போட்டான்.

அவன் மனைவி வானிலை நிலையத்து வேலையாக ஒரு தீவில் இருந்தாள். அங்கே இருந்த ஒரே போன் கோபுரமும் போன புயலில் சாய்ந்துவிட்டது. சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடுகிற கொஞ்ச நேரம் ரேடியோவில் பேசலாம். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் உண்டு. பரீட்சையில் அவள் முதல் தடவையே பாஸ், இவன் இரண்டாம் தடவை. அதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவள் குரல் மூக்கால் பேசுவது போல வந்தது. குமிழைத் திருகத் திருக மனுஷக் குரலானது.

"கேக்குதா? நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா? ஓவர்."

பொத்தானை அழுத்தி, "கேக்குது, கேக்குது," என்றான். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேட்பதற்கு எந்தக் கம்பியும் போதும். பேசுவதற்குத்தான் அளவு சரியாக இருக்க வேண்டும். அளவு தப்பினால் வெளியே போக வேண்டிய சக்தி திரும்பி வந்து செட்டையே சுட்டுவிடும். அதற்குப் பயந்து செட் வாயை மூடிக்கொள்ளும். ஒரு வாரமாக மூடிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னைக்கும் ஒண்ணும் வரலை. நீங்க கேட்டுட்டு இருக்கீங்கன்னு நெனச்சே சொல்றேன். நாளைக்கு மட்டும்தான் பேச முடியும். அப்புறம் டீசல் மிச்சம் பிடிக்கணும்னு ரேடியோவை நிறுத்திடறாங்க. கப்பல் வர்றப்ப இங்கயே இன்னும் ஒரு வருஷம் இருக்கறதா, வீட்டுக்கு வந்துடறதான்னு நான் சொல்லணும். எனக்கு வந்துடணும்னுதான் இருக்கு. ஆனா நீங்கதான் சமாளிச்சுக்கறேன், போன்னு அனுப்பி வெச்சீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வான்னு சொன்னா வந்துடறேன். ஓவர்."

"வா!" என்று கத்தினான். "வந்துடு! இரு, இரு, வெச்சுடாத, இரு!"

பொத்தானை விரல் வெளுக்க அழுத்திக்கொண்டு அவன் கத்தியபோது, கீழே கொல்லையில் யாரோ 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளே இழுத்தார்கள், சுடு பாத்திரத்தில் கை வைத்துவிட்டவர்கள் இழுப்பது போல. பொத்தானை விட்டான். மயிர் கருகும் வாசனை லேசாக ஜன்னல் வழியே வந்து போனது. எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் அடுப்பில் எதையோ தீயவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"சரி, நாளைக்குப் பாக்கலாம்," என்றாள் மனைவி. யாருமில்லாத இடத்தில் பேசுகிறோமோ என்ற கூச்சம் அவள் குரலில் இருந்தது. அதைக் கேட்க அவனுக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் கையடக்க ரேடியோவில் டாக்டரைப் பிடித்தான். டாக்டர் என்றால் மாட்டு டாக்டர். மீட்டர் அவருடையது. அடுக்குமாடி வீட்டில் கம்பி கட்ட அனுமதி இல்லாததால் ஊருக்குள் பேசுகிற அந்தச் சின்ன செட்டோடு காலம் தள்ளுகிறவர். இவனுக்காகத் தீவு வரைக்கும் பேச அவராலும் முடியாது.

"வெட்டினா ஏறுது, கொஞ்ச நேரத்துல இறங்குது. பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு டாக்டர்."

"நுனியை யாராவது பிடிச்சிருக்காங்களா பாருப்பா."

"விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்ல. நுனியில ஆள் கை பட்டா அந்த ஆளும் கம்பிதான். மீட்டருக்கு என்ன தெரியும்? ஆளையும் சேத்து அளந்துட்டு, கம்பி நீளம்னு சொல்லும்."

"அப்ப ஒரு வாரமா ஒருத்தன் என் கொல்லையில கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறான்ங்கறீங்க."

"நின்னா ஒரு டீயைக் குடுத்து அனுப்பு," என்று டாக்டர் சிரித்தார். இவனும் சிரித்தான். அதற்கப்புறம் தேய்த்த லென்ஸில் ஒன்று பாழானது.

தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பிவிட்டான். பக்கத்து வீட்டில் விட்டிருந்த பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கூடத்தில் படம் வரைய உட்கார வைத்தான். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போனான். மேகம் மூடிக் கிடந்தது. ஈர மண்ணும் பாசியும் கலந்த வாசனை. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மரத்தில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கம்பியைக் கீழே இறக்கினான்.

டூத் பிரஷ் துண்டு கைக்கு வந்ததும் சட்டென்று விட்டுவிட்டான். சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. வெயிலே இல்லை. யாரோ உள்ளங்கையில் வெகு நேரம் பொத்தி வைத்திருந்து அப்போதுதான் கொடுத்தால் இருக்குமே, அந்த வெதுவெதுப்பு. நேற்று அவன் மடித்து இறுக்கமாக முறுக்கியிருந்த நுனி பிரிந்து நேராக நீண்டிருந்தது. பதினைந்து வருஷமாக நுணுக்கமான வேலை செய்கிற விரல்கள் முறுக்கிய முறுக்கு அது. தானாகப் பிரியாது.

கோபம்தான் வந்தது. பயத்தை ஒப்புக்கொள்ள அவனுக்கு நேரமில்லை. ஒரு சாண் இல்லை, ஒரு முழம் வெட்டினான். ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தான். ஆறரை. இறங்கி வந்து இன்னொரு முழம். ஆறரை. கயிற்றை நீட்டி நீட்டிவிட்டு, படிக்கட்டில் ஏறி இறங்கி முழங்கால் வலித்தது. கட்டிங் பிளையரின் பிடி வியர்வையில் வழுக்கியது. வெட்டிய துண்டுகள் மரத்தடியில் குவிந்தன. வீம்புக்கு வெட்டினான். வெட்டுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று நின்று பார்த்தபோதுதான், கம்பி பாதியாகிவிட்டது உறைத்தது.

மாடி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்தான். பாதிக் கம்பிக்கு எண் எங்கேயோ போயிருக்க வேண்டும். இரண்டு பங்காகியிருக்க வேண்டும். அது ஆறரை என்கிறது. அவன் வெட்டிய அளவை அந்தப் பக்கத்தில் யாரோ ஈடுகட்டிக்கொண்டே வருகிறார்கள்.

யாரோ இல்லை. ஏதோ.

மெல்ல எழுந்து ஜன்னலுக்குப் போனான். காற்று வீசிக்கொண்டிருந்தது. மரம் ஆடியது, துணிக் கொடியில் பாப்பாவின் பாவாடை ஆடியது, கம்பி ஆடவில்லை. விறைப்பாக இருந்தது. கயிறுதான் அதை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அவனே இறுகக் கட்டிய கயிறு. அந்தக் கயிறு இப்போது மரத்துக்கும் கம்பி நுனிக்கும் நடுவில் தொளதொளவென்று தொங்கி, பாதி தரையில் கிடந்தது.

தொங்குகிற கயிறு எதையும் இழுத்துப் பிடிக்காது. அப்படியானால் கம்பியை இழுத்துப் பிடித்திருப்பது எது?

முதல் நாள் நுனி மரத்தடியில் இருந்தது. இப்போது கொல்லையின் நடுவில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்தது. வெட்ட வெட்ட அவன்தான் வீட்டுப் பக்கம் கொண்டு வந்திருக்கிறான். நுனியை மட்டுமா?

கீழே ஓடினான். கொல்லைக் கதவைத் தாழிட்டான். தாழ்ப்பாள் பாப்பாவுக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பதைப் பார்த்து, அதை வைத்தவனைத் திட்டினான்.

"கொல்லைக்குப் போகக் கூடாது. தெரிஞ்சுதா? எதுக்கும் போகக் கூடாது."

"அம்மா பேசறப்ப?"

"நான் கூப்பிடறேன். கூப்பிட்டா உடனே வரணும்."

"சரிப்பா," என்று தலை நிமிராமல் சொன்னாள். வீட்டுக்குக் கூரை போட்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

செட்டை மூடிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று படியில் நின்று யோசித்தான். ஆனால் இன்றைக்கு விட்டால் ஒரு வருஷம். வா என்று ஒரு வார்த்தை. இந்தப் பாழாய்ப்போன கம்பி ஒரே ஒரு வார்த்தைக்கு வழிவிட்டால் போதும். அப்புறம் மொத்தத்தையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவான். மேலே ஏறினான்.

மீட்டரைச் சொருகினான். ஏழு.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். சரியாக ஏழு, இம்மியும் பிசகாமல், இத்தனை நாள் கெஞ்சியும் வராத ஏழு. சந்தோஷத்தில் ஒரு கணம் எல்லாம் மறந்துபோனது. மீட்டரைப் பிடுங்கிச் செட்டை மாட்டினான். அவசரத்தில் பிளக் துளையில் இறங்க நேரமானது. விசையைத் தட்டினான். இரைச்சல். அதற்கு நடுவே அவள் குரல், இத்தனை நாளில் இல்லாத தெளிவோடு.

"அப்பாடா! இப்பதான் கேக்குது! ஒரு வாரமா ஊமை மாதிரி எங்க போயிருந்தீங்க?"

மைக் இன்னும் மேஜைமேல் இருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை.

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு? ஓவர்."

நிறுத்தினாள். இரைச்சல் மட்டும். யாருக்கோ காது கொடுக்கிற நேரம் போனது.

"என்னது, இருவா? இருன்னா சொல்றீங்க?"

மைக்கைப் பாய்ந்து எடுத்தான். பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரியவில்லை. பச்சை. செட் பேசியது. முதல் தடவையாகப் பேசியது. "நான் இல்ல! அது நான் இல்ல! வந்துடு! வா! வா!" தொண்டை கிழியக் கத்திவிட்டுப் பொத்தானை விட்டான்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி. "உங்களுக்குப் பின்னாடி யாரோ கத்தற மாதிரி கேக்குது. பக்கத்துல யாருங்க? ஓவர்."

மறுபடி அந்த இடைவெளி.

"ஓ. சரி, கத்தினா கத்தட்டும். இருன்னு நீங்களே சொல்றப்ப நான் என்ன சொல்றது? இருந்துடறேன். ஒரு வருஷம்தானே." குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "பாப்பா எங்க? கூப்பிடுங்க. அவ குரலையாவது கேக்கறேன்."

இடைவெளி.

கீழே கூடத்தில் பென்சில் உருண்டு விழும் சத்தம்.

"இதோ வரேன்பா!"

அவன் கூப்பிடவில்லை.

சின்னக் கால்கள் ஓடின. படிப் பக்கம் இல்லை. கொல்லைப் பக்கம். தாழ்ப்பாள். கதவு.

"பாப்பா! போகாத! இரு! இரு!"

ஜன்னலுக்குத் தாவினான். கிராதியில் நெற்றி இடித்தது. வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. பாப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கம்பியின் நுனிக்கு நேர் கீழே. மேலே பார்த்தாள். ஒரு கையைத் தூக்கினாள். உயரமான ஆளின் கையைப் பிடித்துக்கொள்ளத் தூக்குவது போல.

தூக்கிய கை அங்கேயே நின்றது. விரல்கள் எதையோ பற்றி மூடின.

"பாப்பா!"

திரும்பவில்லை.

படியிறங்கி, கூடம் தாண்டி, கதவு தாண்டி. நேரமாகும். மேஜைமேல் கட்டிங் பிளையர். எடுத்தான். கிராதிக்கு வெளியே கை நீட்டினான். கம்பியைக் கவ்வி ஒரே அழுத்து.

டிக்.

செட் அடங்கியது. இரைச்சலும் இல்லை, மனைவியின் குரலும் இல்லை.

கம்பி விழவில்லை.

வெட்டிய முனை ஜன்னலுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில் அப்படியே நின்றது. இந்தப் பக்கம் பிடிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் கயிறு தரையில் கிடக்கிறது. நடுவில் கம்பி, ஊசியாக, விறைப்பாக.

அப்போது கொல்லையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. இரைச்சல் இல்லை. மூக்கால் பேசவில்லை. தொட்டிக்கு மேலே, இருட்டிக்கொண்டு வருகிற காற்றில், பக்கத்தில் நின்று பேசுவது போல அத்தனை பிரியமாக.

"தங்கம், நல்லா கேக்குதுடி. சமத்தா இருக்கணும், என்ன? அப்பா கையை மட்டும் விட்டுடாத."

கிராதியை அவன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.

பாப்பா மேலே பார்த்துத் தலையாட்டினாள். அவளுடைய குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பிறகு கால் விரல்கள்.